பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு லேப்டாப்

பேராக் ஆற்றை மறித்துக் கோலகங்சாருக்கு மேலே கட்டப்பட்ட செண்டெரோ அணை 1930இல் மின்சாரம் தரத் தொடங்கியது. கட்டியது அரசாங்கம் அல்ல. பேராக் ரிவர் ஹைட்ரோ எலெக்ட்ரிக் பவர் என்ற தனியார் கம்பெனி. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களை நம்பித்தான் அந்தக் கம்பெனி பணத்தைக் கொட்டியது. சேற்றை அள்ளி ஈயமணலைப் பிரிக்கும் மிதவை இயந்திரங்களுக்கும், சரளையை உறிஞ்சி மேலேற்றும் பம்புகளுக்கும் ராப்பகலாக மின்சாரம் தேவைப்பட்டது. அந்த மிதவைகளில் ஒன்று, 1938இல் கட்டப்பட்ட டிடி5, தஞ்சோங் துவாலாங் பக்கம் இன்றும் பார்வைக்கு நிற்கிறது.

மின்சாரம் லம்பத்துக்குப் போனது. பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களின் லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. பிறகு பல தோட்டங்கள் சொந்தமாக ஜெனரேட்டர் வாங்கி வைத்தன. பொழுது சாயும்போது ஓட ஆரம்பிக்கும், படுக்கும் நேரத்துக்கு நின்றுவிடும். அதுவும் இல்லாத இடங்களுக்குக் கார் பேட்டரி வந்தது. 1963 டிசம்பர் 28ஆம் தேதி மலாயாவில் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, கறுப்பு வெள்ளைப் பெட்டியைப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓட்டுவது கம்பங்களிலும் தோட்டங்களிலும் வழக்கமாகிப்போனது. பேட்டரி இறங்கினால் படத்தின் ஓரங்கள் உள்ளே சுருங்கும். மறுநாள் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வர வேண்டும்.

அந்தத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு இன்வெர்ட்டர் எதுவும் தேவைப்படவில்லை. அது பன்னிரண்டு வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்டது. பேட்டரியிலிருந்து இரண்டு வயர் நேராக உள்ளே போனது. இன்று காரில் லேப்டாப் சார்ஜ் செய்ய வழி தேடுகிறவர்கள் இந்த எளிய ஏற்பாட்டைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன, மீதியில் பல தாமான்களாகிவிட்டன. சுங்கை சிப்புட், செம்மோர், தாப்பா பக்கங்களில் செம்பனைக்கு நடுவே கோயில் மட்டும் தனித்து நிற்கும் இடங்கள் உண்டு. ஆண்டுத் திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பழைய தோட்டத்து ஆட்கள் காரில் வந்து இறங்குகிறார்கள். கூடவே படமெடுப்பவரும் வருகிறார். கேமரா அட்டை நிறைந்ததும் காரின் பின்சீட்டில் லேப்டாப்பைத் திறந்து படங்களை இறக்குகிறார். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக்குக் காவடி போகும் வழியிலும் இதே கதைதான். நிலம் அளப்பவர், காப்புறுதி முகவர், கம்பாரில் படிக்கும் பல்கலைக்கழக மாணவர், டியூஷன் வாசலில் பிள்ளைக்காகக் காத்திருந்தபடியே அலுவலக வேலையை முடிக்கும் தாய் என்று காரை மேசையாக்கிக்கொண்டவர்கள் பேராக்கில் ஏராளம். (ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குத் தனியாகப் போகிறவருக்கு இடிஎஸ் ரயில் இருக்கிறது, இருக்கையிலேயே மூன்று பின் சாக்கெட் உண்டு. அவர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம்.)

கடைக்குப் போனால் அலமாரியில் பெட்டி பெட்டியாக இன்வெர்ட்டர்கள்: 150 வாட், 300 வாட், 500 வாட், ஆயிரம் வாட். பெரியது வாங்கினால் பாதுகாப்பு என்று கை தானாகப் பெரியதன் பக்கம் போகும். ஆனால் எதை வாங்குவது என்பதற்கான பதில் கடையில் இல்லை. லேப்டாப் சார்ஜரின் வயிற்றில், கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரியும் எழுத்தில் அச்சிட்டிருக்கிறது.

சாதாரணமான ஒரு சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு வரிகள் இருக்கும். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட், 1.7 ஆம்பியர், 50 முதல் 60 ஹெர்ட்ஸ். வெளியீடு 19 வோல்ட், 3.42 ஆம்பியர். பள்ளியில் படித்த பெருக்கலை நினைவில் வைத்திருப்பவர் முதல் வரியைப் பிடித்துக்கொள்வார்: 240ஐ 1.7ஆல் பெருக்கினால் 408 வாட். அடேயப்பா, 500 வாட் இன்வெர்ட்டர் இல்லாமல் ஆகாது! இந்தப் பெருக்கல் தப்பு. அந்த 1.7 ஆம்பியர், சார்ஜர் எங்காவது 100 வோல்ட் நாட்டில் முழுச் சுமையோடு ஓடினால் இழுக்கக்கூடிய உச்ச அளவு. நம் ஊர் வோல்ட்டேஜில் அது அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. பார்க்க வேண்டியது இரண்டாம் வரியை. 19 பெருக்கல் 3.42 என்றால் 65 வாட். மெல்லிய அலுவலக லேப்டாப்புகள் பெரும்பாலும் 45 அல்லது 65 வாட். கொஞ்சம் பெரியவை 90. விளையாட்டுக்கென்று வாங்கப்படும் கனமான மடிக்கணினிகள் 135, 180 என்று தொடங்கி 330 வரை போகும்.

65 வாட்டும் எப்போதும் ஓடுவதில்லை. பேட்டரி நிரம்பிய லேப்டாப்பில் தட்டச்சு மட்டும் செய்துகொண்டிருந்தால் 15, 20 வாட்டோடு முடிந்துவிடும். காலியான பேட்டரியும் கனமான வேலையும் சேரும்போதுதான் முழு அளவும் வேண்டியிருக்கும். இன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுக்க அந்த உச்ச அளவையே கணக்கில் எடுக்க வேண்டும்.

வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்க்க வேண்டும். காரின் பேட்டரியில் இருப்பது 12 வோல்ட் நேர்மின்சாரம். லேப்டாப் கேட்பது 19 அல்லது 20 வோல்ட் நேர்மின்சாரம். இரண்டும் ஒரே இனம், எண்கள்கூட அவ்வளவு தூரத்தில் இல்லை. ஆனால் இன்வெர்ட்டர் வழியாகப் போனால், 12 வோல்ட் முதலில் 230 வோல்ட் மாறுமின்சாரம் ஆகிறது. பிறகு சார்ஜர் அதை மறுபடி 19 வோல்ட் நேர்மின்சாரமாக இறக்குகிறது. ரிங்கிட்டை டாலராக்கி, அந்த டாலரை அடுத்த கடையில் ரூபாயாக்குவதுபோல. இரண்டு கடைக்காரரும் கமிஷன் எடுப்பார்கள். சார்ஜரின் திறன் 88 விழுக்காடு, இன்வெர்ட்டரின் திறன் 85 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், லேப்டாப்புக்கு 65 வாட் போய்ச் சேரப் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 87 வாட் கிளம்ப வேண்டும். நடுவில் காணாமல் போன 22 வாட்டும் சூடாகிக் காருக்குள்ளேயே தங்குகிறது. ஏற்கெனவே ஈப்போ வெயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஏர்கானுக்கு அதுவும் ஒரு வேலை.

அடுத்தது காரின் துளை. சிகரெட் பற்றவைக்கவென்று பிறந்து, இன்று சிகரெட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பயன்படும் அந்தப் பன்னிரண்டு வோல்ட் சாக்கெட். பல கார்களில் அதன் மூடியிலேயே 12 வோல்ட், 120 வாட் என்று எழுதியிருக்கும். உள்ளே பியூஸ் பெட்டியில் அதற்கு 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ் இருக்கும். இந்த 120 வாட்தான் உண்மையான வாசல். பின்னால் எத்தனை வாட் இன்வெர்ட்டரைச் செருகினாலும் இதற்கு மேல் உள்ளே வராது. 90 வாட் சார்ஜருக்கு மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால் சரியாக 120 வாட் வருகிறது. ஆக, 65 வாட் லேப்டாப் இந்தத் துளையில் நிம்மதியாக ஓடும். 90 வாட் விளிம்பில் நிற்கும். 135 வாட் விளையாட்டு லேப்டாப் பியூஸை எரிக்கும். சிகரெட் துளையில் செருகும் முனையோடு வரும் பெட்டியில் 500 வாட் என்று போட்டிருந்தால், அது விற்பவரின் ஆசை. 500 வாட்டை எடுக்க 40 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதற்கு வெகு முன்பே பியூஸ் எரிந்துவிடும்.

விளிம்பில் நிற்பதும் நல்லதல்ல. அந்தத் துளைக்குள் மின்சாரம் பாய்வது, ஸ்பிரிங் தள்ளும் ஒரு சின்ன முனை நடுத்தகட்டை அழுத்திப் பிடித்திருக்கும் தொடுபுள்ளி வழியாகத்தான். காலப்போக்கில் அங்கே தூசி, துரு, பழைய சிகரெட் சாம்பல் எல்லாம் படிந்து, 0.1 ஓம் அளவுக்குத் தடை உண்டாகிவிடலாம். கேட்பதற்கு அற்பமான எண். ஆனால் 10 ஆம்பியர் ஓடும்போது அந்தப் புள்ளியில் 10 வாட் வெப்பம் பிறக்கிறது, ஒரு வோல்ட்டும் வழியிலேயே தொலைகிறது. அரை மணி நேரம் கழித்து முனையை உருவினால் விரலைச் சுடும். நடு முனையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறித் தளர்ந்திருக்கும். பேட்டரி நன்றாக இருக்கும்போதே இன்வெர்ட்டர் கீச்சிட்டு அழுவதற்கும் பல சமயம் இதுதான் காரணம். பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, இன்வெர்ட்டரின் வாசலுக்கு 11தான் வந்து சேர்கிறது.

பெட்டியின் மேல் அடுத்துக் கண்ணில் படுவது அலை. பியூர் சைன் வேவ், மாடிஃபைடு சைன் வேவ் என்று இரண்டு வகை, விலையில் இரண்டு மடங்குகூட வித்தியாசம். வீட்டு மின்சாரத்தின் வோல்ட்டேஜ் விநாடிக்கு 50 முறை மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போகிறது. மலேசியாவில் 2008 முதல் பெயரளவு வோல்ட்டேஜ் 230. அலையின் உச்சி 325 வோல்ட்டைத் தொடும். மலிவான இன்வெர்ட்டர் இந்த வழுக்கலைச் செய்வதில்லை. ஒரேயடியாக மேலே குதிக்கும், கொஞ்ச நேரம் நிற்கும், பூச்சியத்துக்கு விழும், மறுபக்கம் குதிக்கும். மாடிஃபைடு என்ற பெயர் அதற்கு ரொம்பப் பெரிய மரியாதை; உள்ளபடி அது சதுர அலையின் நெருங்கிய உறவு.

லேப்டாப்புக்கு இது ஒத்துக்கொள்ளுமா? பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், காரணமும் எளிது. சார்ஜருக்குள் நுழைந்ததும் மின்சாரம் செய்யும் முதல் வேலை, நான்கு டையோடுகள் வழியாகப் போய் ஒரு மின்தேக்கியில் நேர்மின்சாரமாகச் சேர்வதுதான். வந்த அலை வட்டமா சதுரமா என்று அந்தத் தொட்டிக்குத் தெரியாது. ஆனால் குதிப்பின் கூர்மை அதை உறுத்தும். ஒவ்வொரு குதிப்பிலும் மின்தேக்கிக்குள் ஒரு வெள்ளம் பாய்வதால் சார்ஜர் ரீங்காரமிடும், வழக்கத்தைவிடச் சுடும். 75 வாட்டைத் தாண்டிய சார்ஜர்களில் பொதுவாக மின்திறன் காரணியைச் சரிசெய்யும் சுற்று ஒன்று கூடுதலாக இருக்கும். அது சைன் அலையை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. படிக்கட்டு அலையில் அது தடுமாறலாம். எனவே 45, 65 வாட் சார்ஜர் வைத்திருப்பவர் அவசரத்துக்கு மலிவானதை வாங்கினால் பாதகமில்லை. 90க்கு மேல் போகிறவரும், தினமும் பயன்படுத்துகிறவரும் பியூர் சைன் வாங்குவதே புத்திசாலித்தனம்.

இன்வெர்ட்டருக்கு ஒரு தாத்தா உண்டு. 1930களில் காருக்குள் ரேடியோ வந்தபோது அதன் வால்வுகளுக்கு இருநூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டியிருந்தது. காரில் இருந்ததோ அன்றைக்கு 6 வோல்ட் பேட்டரி. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை உயர்த்தும், ஆனால் நேர்மின்சாரத்தை அதற்குக் கொடுத்தால் அசையாது. ஆகவே வைப்ரேட்டர் என்ற ஒரு சிறு குப்பியை நடுவில் வைத்தார்கள். உள்ளே ஓர் எஃகு நாக்கு விநாடிக்கு நூறு முறைக்கு மேல் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு, மின்சாரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி விட்டது. பழைய கார் ரேடியோ பாட்டுக்கு முன்னால் உறுமியது இதனால்தான். டிரான்சிஸ்டர் வந்ததும் நாக்கு போனது. இன்றைய இன்வெர்ட்டருக்குள் மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சாவிகள் 12 வோல்ட்டை விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகின்றன. அத்தனை வேகத்தில் மாறும் மின்சாரத்துக்குத் தீப்பெட்டி அளவு டிரான்ஸ்ஃபார்மரே போதும் என்பதால்தான் பெட்டி உள்ளங்கைக்குள் அடங்குகிறது. வோல்ட்டேஜ் முதலில் முந்நூறுக்கு மேல் நேர்மின்சாரமாக ஏறுகிறது, அதன்பின் இன்னொரு சாவிக் கூட்டம் அதை 50 ஹெர்ட்ஸ் அலையாக வெட்டுகிறது.

லேப்டாப்பின் உலோக மேற்பரப்பில் மணிக்கட்டை வைத்தால் சுருக்கென்று எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். இன்வெர்ட்டரின் முகத்தில் இருப்பது எல்லா நாட்டு பிளக்கும் நுழையும் சாக்கெட். மூன்றாவது துளை பேருக்குத்தான். நான்கு டயர்களின் மேல் நிற்கும் காரில் மண்ணுக்குப் போகும் கம்பி ஏது? சார்ஜருக்குள் இரைச்சலை அடக்க வைத்திருக்கும் சிறு மின்தேக்கிகள் வழியாக மிக நுண்ணிய மின்சாரம் கசிந்து உடல்வரை வருகிறது. ஆளை அடிக்கும் அளவு இல்லை. டச்பேடின் அம்புக்குறி தானாகத் துள்ளுவதும் இந்தக் கசிவால்தான்.

இனிப் பேட்டரி. பெரோடுவா மைவியின் பழைய மாடல்களில் வரும் என்எஸ்40 வகைப் பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். இஞ்சினை நிறுத்திவிட்டு 87 வாட் இழுத்தால் 7 ஆம்பியர் ஓடும். 35ஐ 7ஆல் வகுத்தால் 5 மணி நேரம் என்று கணக்கு வரும். அந்தக் கணக்கை நம்பினால் செம்பனைக் காட்டுக்குள் ராத்திரி தங்க வேண்டியதுதான். 35 என்ற எண், 20 மணி நேரம் மெதுவாக, 1.75 ஆம்பியர் வீதம் இழுத்து எடுத்த அளவு. வேகமாக இழுத்தால் அத்தனையும் கிடைக்காது. நம் வெப்பத்தில் ஒன்றரை இரண்டு வருடம் ஓடிய பேட்டரியில் அந்தக் கொள்ளளவும் மிஞ்சியிருக்காது. அதற்கும் மேலாக, இது இஞ்சினைத் தட்டி எழுப்பவென்று செய்த பேட்டரி. ஒரு நொடி நூறு ஆம்பியருக்கு மேல் அள்ளிக் கொடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிவரை காலிசெய்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிச் சீக்கிரம் செத்துப்போகும்.

இன்வெர்ட்டர் தானே எச்சரிக்குமே என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலான மலிவுப் பெட்டிகள் 10.5 வோல்ட்டில் கீச்சிட ஆரம்பித்து 10 வோல்ட்டில் நிற்கின்றன. ஈயப் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.9 என்றால் கிட்டத்தட்டக் காலி. 10.5இல் அலறுகிற எச்சரிக்கை திருடன் போனபின் குரைக்கும் நாய். இன்வெர்ட்டருக்கு ஆபத்து வராமல் இருக்கத்தான் அந்த எல்லை. கார் மறுபடி கிளம்புமா என்பது அதன் கவலை இல்லை. வாங்கும்போது பெட்டியின் குறிப்பில் இந்த எண்ணைத் தேடிப் பார்ப்பது நல்லது, 11, 11.5 என்று இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். இருபது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும், லைட்டர் துளையில் செருகும் வோல்ட்மீட்டர் அதைவிட உருப்படியான காவல்காரன்.

50 வாட்-மணி லேப்டாப் பேட்டரி ஒன்றைக் காலியிலிருந்து நிரப்ப, எல்லா இழப்பும் சேர்த்துக் கார் பேட்டரியில் ஏறக்குறைய 6 ஆம்பியர்-மணி செலவாகும். நல்ல பேட்டரி இதை ஒருமுறை தாங்கும். அதே உட்காரலில் இரண்டாவது முறை கேட்கக் கூடாது.

இஞ்சின் ஓடினால் கதை வேறு. ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கொடுத்துக்கொண்டே இருக்கும். 87 வாட் அதற்குப் பெரிய பாரமில்லை. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு இருநூறு கிலோமீட்டர், வழியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். லேப்டாப் நிறைந்துவிடும், அதற்கான கூடுதல் பெட்ரோல், தோராயக் கணக்கில், மணிக்கு 60, 70 மில்லிலிட்டர். ஆனால் லேப்டாப்புக்காகவே காரை நிறுத்தி வைத்து இஞ்சினை ஓடவிட்டால், சிறிய காரே மணிக்கு முக்கால் லிட்டர் அளவில் குடிக்கும். 2025 செப்டம்பர் இறுதியில் வந்த புடி95 மானிய விலையில் லிட்டர் 1.99 ரிங்கிட். வீட்டில் சில சென்னுக்குள் முடியும் வேலைக்கு ஒன்றரை இரண்டு ரிங்கிட். காசைவிட முக்கியம், மூடிய கராஜில் இஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்காரவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

இஞ்சினைக் கிளப்பும்போது வோல்ட்டேஜ் சட்டென்று விழுந்து எழும். முதலில் காரைக் கிளப்பி, பிறகு இன்வெர்ட்டரைச் செருகி, கடைசியில் லேப்டாப்பை இணைப்பது இதனால்தான். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் அறுபது டிகிரியைத் தாண்டிவிடும். லித்தியம் பேட்டரிகள் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற மறுக்கும். கார் குளிரும்வரை லேப்டாப் சார்ஜ் ஏறவில்லை என்றால் இன்வெர்ட்டரைத் திட்ட வேண்டாம்.

இவ்வளவும் படித்துவிட்டு ஒருவர் கேட்கலாம்: நடுவில் அந்த 230 வோல்ட் எதற்கு?

லேப்டாப்புக்கு எதற்கும் இல்லை. மாறுமின்சாரம் உலகை வென்றது தூரத்தால். டிரான்ஸ்ஃபார்மரால் வோல்ட்டேஜை ஏற்றி, மெல்லிய கம்பியில் அதிக இழப்பில்லாமல் தூரம் கடத்தி, போய்ச் சேர்ந்த இடத்தில் இறக்க முடிந்தது. செண்டெரோவிலிருந்து கிந்தா லம்பங்களுக்கு மின்சாரம் வந்தது அந்த வித்தையால்தான். காரில் பேட்டரிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர் தூரம். அந்த தூரத்தைக் கடக்க அணைக்கட்டின் தொழில்நுட்பம் தேவையில்லை. 12 வோல்ட்டை நேராக 20 வோல்ட்டாக ஏற்றும் சிறு சுற்று போதும். அதன் திறன் 90 விழுக்காட்டைத் தாண்டும். 65 வாட்டுக்குப் பேட்டரியிலிருந்து 72 வாட் போதும், 7 ஆம்பியருக்குப் பதில் 6. கசிவு இல்லை, மின்விசிறிச் சத்தம் இல்லை, கையை வைத்தால் கொல்லக்கூடிய 230 வோல்ட்டும் காருக்குள் இல்லை.

இந்தச் சுற்றுதான் யூஎஸ்பி-சி கார் சார்ஜருக்குள் இருக்கிறது. பவர் டெலிவரி என்ற ஏற்பாட்டில் லேப்டாப்பும் சார்ஜரும் முதலில் தங்களுக்குள் பேசிக்கொண்டு, எத்தனை வோல்ட் என்று முடிவு செய்கின்றன. இது முன்பு 20 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 100 வாட் வரை போனது. 2021இல் வந்த திருத்தம் எல்லையை 240 வாட்டுக்கு உயர்த்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் புதிய லேப்டாப்புகளுக்கும் யூஎஸ்பி-சி துளையைக் கட்டாயமாக்கிய பிறகு, உலகச் சந்தைக்குச் செய்பவர்கள் தனித்தனி முனைகளைக் கைவிடுவது இன்னும் வேகமாகும். ஆக, கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய, யூஎஸ்பி-சியில் சார்ஜ் ஏறும் லேப்டாப் வைத்திருப்பவருக்கு இந்த நூல் சொல்லும் புத்திமதி: இன்வெர்ட்டர் வாங்காதீர்கள்.

ஆனால் கார் சார்ஜரிலும் ஏமாற இடமுண்டு. 100 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது எல்லாத் துளைகளையும் கூட்டிய தொகையாக இருக்கலாம். பின்பக்கத்தில் குறிப்பிட்ட அந்த ஒரு துளைக்கு 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 9 வோல்ட், 12 வோல்ட்டோடு நின்றுவிட்டால் அது போனுக்கானது. கேபிளும் கணக்கில் சேரும்: சாதாரண யூஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியரோடு நின்றுகொள்ளும், அதாவது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் என்று குறித்த, முனைக்குள் அடையாளச் சில்லு வைத்த கேபிள்.

உருண்டை முனை கொண்ட பழைய லேப்டாப்புகளுக்கும் 12 வோல்ட்டில் ஓடும் கார் அடாப்டர் கிடைக்கும். டெல் போன்றவற்றில் முனையின் நடுவிலுள்ள ஊசி, நான் யார் என்று லேப்டாப்பிடம் சொல்லும். அந்தச் செய்தி இல்லாத பொது அடாப்டரைச் செருகினால் லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. அத்தகைய பழைய லேப்டாப்போடு மல்லுக்கட்டுகிறவர், வீட்டிலுள்ள சொந்தச் சார்ஜரையே ஒரு 150 வாட் பியூர் சைன் இன்வெர்ட்டரில் மாட்டிக்கொள்வது தலைவலி குறைந்த வழி. இணையத்தில் வாங்கும்போது 110 வோல்ட் சரக்கு வந்துவிட்டாலும் அதில் லேப்டாப் ஏறும், ஏனென்றால் சார்ஜர் 100 முதல் 240 வரை எதையும் ஏற்கும். அதே பெட்டியில் வீட்டு மின்விசிறியைச் செருகினால்தான் வினை.

மின்கார்கள் இந்தக் கணக்கை வேறு பக்கம் திருப்புகின்றன. புரோட்டோன் 2024 டிசம்பரில் விற்பனைக்கு விட்ட அதன் முதல் மின்கார் இ.மாஸ் 7இலும், அதற்கு முன்பே இங்கே வந்த பிஒய்டி ஆட்டோ 3இலும், காரின் பெரிய பேட்டரியிலிருந்து வெளியே வீட்டு மின்சாரம் எடுக்கும் வசதி உண்டு. அரிசிக் குக்கரையே ஓட்டலாம். லேப்டாப்புக்கு என்றால் அந்தக் காரிலும் யூஎஸ்பி-சியே சிக்கனம்.

அப்படியானால் பெரிய இன்வெர்ட்டர் யாருக்குத்தான்? திருவிழாவுக்குப் படமெடுக்க வந்தவருக்கு. அவரிடம் லேப்டாப் 65 வாட், டிரோன் பேட்டரிச் சார்ஜர் 60 வாட், கேமராப் பேட்டரிச் சார்ஜர்கள் இரண்டும் சேர்ந்து 20 வாட், மொத்தம் 145. இழப்புகளைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 195 வாட், 16 ஆம்பியர். லைட்டர் துளை இதற்கு இடம் தராது. தொடர்ந்து 300 வாட் தரக்கூடிய பியூர் சைன் இன்வெர்ட்டர் வேண்டும். பெட்டியில் பெரிதாக எழுதிய உச்ச வாட் அல்ல, தொடர் வாட். அதைப் பேட்டரி முனையில் நேராகப் பூட்ட வேண்டும். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், முடிந்தவரை குட்டை. முழுச் சுமையில் 30 ஆம்பியரை நெருங்கும் என்பதால் 40 ஆம்பியர் பியூஸ். அந்தப் பியூஸைப் பலர் இன்வெர்ட்டர் பக்கத்தில், எட்டுவதற்கு வசதியாக வைக்கிறார்கள். அது பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இன்வெர்ட்டருக்குள் ஏற்கெனவே ஒரு பியூஸ் இருக்கிறது. அது இன்வெர்ட்டரைக் காக்கும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே தகரத்தில் உரசித் தோல் கிழியும் வயரைக் காப்பது, பேட்டரிப் பக்கம் இருக்கும் பியூஸ் மட்டும்தான்.